திரைப்பட விழாவுக்குத் தன்னார்வலராகத் தனியாகப் போனேன்: வாசலில் சந்தித்தவர்கள்

திரைப்பட விழாவில் தன்னார்வலராக வேலை செய்யத் தனியாக வெளியூர் போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போயிருக்கிறேன். மொழி தெரியாத ஊர், தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. விண்ணப்பம், விசா, தங்குமிடம் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் அங்கே சந்தித்த சிலரைப் பற்றி முதலில் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை காலம் கழித்தும் அந்த விழா என்றால் எனக்கு அவர்கள்தான்.

பார்வையாளராகத் தனியாகப் போனால் காலையிலிருந்து இரவு வரை நாலைந்து படம் பார்க்கலாம். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலேயே நாள் முடிந்துவிடும். தன்னார்வலர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரங்க வாசலில் நின்று பாருங்கள், ஊரே வந்து பேசும். கழிப்பறை எங்கே, படம் எவ்வளவு நேரம், இயக்குநர் வருகிறாரா, அடுத்த அரங்குக்கு நடந்தே போய்விடலாமா... தனியாக வந்திருக்கிறோம் என்ற நினைப்பே வராது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். பேச்சை நாம் தொடங்க வேண்டியதில்லை, அட்டையே தொடங்கி வைத்துவிடும்.

வாசல் வேலை என்றால் டிக்கெட்டை ஸ்கேன் செய்வது மட்டும் இல்லை. பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரிசை, டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஒரு வரிசை, எதுவுமே இல்லாமல் இடம் மிஞ்சினால் உள்ளே போகலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வரிசை. படம் தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது, வராதவர்களின் இடங்களைத் திறந்துவிடுவார்கள். உள்ளே ஒருவர் நின்று, “பக்கத்தில் இருக்கை காலியாக இருந்தால் கையைத் தூக்குங்கள்” என்று கேட்டு எண்ணி, வாக்கி டாக்கியில் சொல்வார். வெளியே நான் அத்தனை பேரை எண்ணி விடுவேன். கையில் ஒரு கிளிக்கர், ஆள் ஒன்றுக்கு ஒரு அழுத்து. எண்ணிக்கை தவறினால் யாராவது படிக்கட்டில் உட்கார நேரும், தீயணைப்பு விதிப்படி அது கூடாது. அதனால் இதில் எல்லோருமே கறாராக இருப்பார்கள்.

அந்தக் கடைசி வரிசையில் தினமும் முதல் ஆளாக ஒரு அம்மாள் நிற்பார். எழுபது வயது இருக்கும். கையில் ஒரு நோட்டுப் புத்தகம், கயிற்றில் கட்டிய பேனா. முதல் ஆளாக நின்றால் எப்படியும் இடம் கிடைத்துவிடும், டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பானேன் என்பது அவர் கணக்கு. ஒரு நாள் அவர் உள்ளே போன படத்தை நானும் பார்க்க ஆசைப்பட்டேன். ஆனால் வாசலை விட்டு நகர முடியாது. அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். படம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் காட்சியிலிருந்து கதை சொல்லத் தொடங்கினார். அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரும்வரை சொன்னார், மீதியை மறுநாள் காலை வந்து சொன்னார். எந்த இடத்தில் கேமரா நகராமல் நின்றது, எந்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

பின்னால் அந்தப் படத்தை நான் பார்த்தேன். அது ஒரு மகனின் கதை. அம்மாள் எனக்குச் சொன்னதோ முழுக்க முழுக்க அவன் தாயின் கதை. தாய்க்குப் படத்தில் மொத்தமே ஐந்தாறு காட்சிகள்தான். ஆனாலும் அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இப்போதும் அந்தப் படம் எனக்கு இரண்டு படங்களாகத்தான் நினைவில் இருக்கிறது.

அடுத்தவர் சப்டைட்டில் போடும் பெண். சர்வதேச விழாக்களில் பல இடங்களில் படத்தோடு ஆங்கில சப்டைட்டில் வரும். உள்ளூர் மொழி வரிகளைத் திரைக்குக் கீழே தனியாக ஒரு பட்டையில் காட்டுவார்கள். அது தானாக ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். பின் வரிசை ஓரத்தில் ஒருவர் லேப்டாப்புடன் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் கையால் தட்டித்தான் விடுகிறார். ஒரு படத்துக்கு ஆயிரம் வரி இருக்கலாம், வளவளவென்று பேசும் படமாக இருந்தால் இன்னும் கூடும். அரை நொடி முந்தினால் நடிகர் வாயைத் திறப்பதற்குள் அரங்கம் சிரித்துவிடும். பிந்தினால் சிரிப்பே வராது. “மொழி புரியாத படத்துக்கு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “உதட்டைப் பார்க்க மாட்டேன், மூச்சைப் பார்ப்பேன். பேசப் போகிறவர் முதலில் மூச்சை இழுப்பார், அப்போது தட்டுவேன்” என்றார்.

அந்த விழாவில் ஒரு தமிழ்ப் படமும் இருந்தது. அதில் பாட்டுக்கு நடுவே வசனம் வரும் ஓர் இடம் அவருக்குப் பிடிபடவில்லை. எது பாட்டு, எது பேச்சு என்று ஆங்கில வரியை வைத்துப் பிரிக்க முடியவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி என்னை வாசலிலிருந்து விடுவித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வசனம் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் அவர் முழங்கையைத் தொட வேண்டும், அவ்வளவுதான். நான் தொட, அவர் தட்ட, நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அந்த வரியைப் படிப்பது பின்னாலிருந்து தெரிந்தது. நம் மொழியின் ஒரு வரி அத்தனை பேரிடம் போய்ச் சேர்வதை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

புரொஜெக்‌ஷன் கேபினில் இருந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பெரும்பாலான படங்கள் டி.சி.பி. என்ற டிஜிட்டல் வடிவில் வருகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் வரும், இல்லையென்றால் இணையம் வழியாக வரும். பூட்டிய கோப்பு அது. திறக்க கே.டி.எம். என்ற சாவிக் கோப்பு வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வரில், அதாவது அந்த அரங்கில் படத்தை ஓட்டும் கணினியில், குறிப்பிட்ட நாள், நேரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். ஒரு நாள் கூட்டம் அதிகம் என்று கடைசி நேரத்தில் ஒரு படத்தைப் பெரிய அரங்குக்கு மாற்றினார்கள். படம் வந்துவிட்டது, சாவி வரவில்லை. கையில் இருந்த சாவி பழைய அரங்கின் சர்வருக்கானது. புதிய சாவியை அனுப்ப வேண்டிய இடத்தில் அப்போது நள்ளிரவு.

கூட்டம் நிறைந்த அரங்கில் வெறும் திரை. “தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் சொல்லுங்கள்” என்று எங்களுக்கு உத்தரவு. முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. கேபினில் இருந்தவர் படியிறங்கி வந்து, மைக்கை வாங்கி, சாவி என்றால் என்ன, ஏன் இந்த அறையில் திறக்கவில்லை, யாரை எழுப்பிக் கேட்டிருக்கிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். முக்கால் மணி நேரம் போல ஆனது. எழுந்து போனவர்கள் மிகச் சிலர். சாவி வந்து திரையில் வெளிச்சம் விழுந்ததும் எழுந்த கைதட்டல் படம் முடிந்தபோது எழுந்ததைவிடப் பெரிது. உண்மைக் காரணத்தைச் சொன்னால் பார்வையாளர்கள் காத்திருப்பார்கள் என்பதை விழா நடத்துகிறவர்கள் பலர் நம்புவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பிறகு ஒரு பழைய படத்தின் 35 எம்.எம். ஃபிலிம் பிரதியைத் திரையிட்ட நாளில் அவரே கேபினுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். 2,000 அடி ரீல் ஒன்று இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். இரண்டு புரொஜெக்டர்கள். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டும் நேரம் வந்து போகும், அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி, உடனே மாற்ற வேண்டும். இரண்டாவது புள்ளிக்காகக் காத்திருக்கும்போது அவர் என்னோடு பேசவும் இல்லை, நான் இருக்கும் பக்கம் திரும்பவும் இல்லை. மாறியதும்தான் பேச்சைத் தொடர்ந்தார். கீழே இருந்தவர்களுக்கு ரீல் மாறியதே தெரிந்திருக்காது.

முதல் படம் எடுத்த ஓர் இயக்குநரும் நினைவுக்கு வருகிறார். படத்தை அறிமுகம் செய்துவிட்டு வெளியே வந்தவர் கடைசி வரை உள்ளே போகவில்லை. உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இங்கே சிரிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை” என்றார். யாராவது வெளியே வந்தால் கழிப்பறைப் பக்கம் போகிறாரா, வாசல் பக்கம் போகிறாரா என்று அவர் கண் பின்னாலேயே போகும். படம் எப்படி என்று பார்வையாளர்கள் குறித்துத் தரும் வாக்குச் சீட்டுகளை அடுத்த காட்சிக்காக ஐம்பது ஐம்பதாகக் கட்டிக்கொண்டிருந்தேன். பாதியை அவரிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் வெளியே வருகிறவர்களைப் பார்க்கவில்லை.

சரி, கிளம்ப நினைப்பவர்களுக்கு. விண்ணப்பம் பல விழாக்களில் மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும், படப் பட்டியல் வருவதற்கு வெகு முன்பே. அமெரிக்காவின் டெலுரைட் திரைப்பட விழாவில், விழா தொடங்குவதற்கு முந்தைய நாள்வரை பட்டியலை வெளியிடுவதே இல்லை. ஆகவே குறிப்பிட்ட படத்தை நம்பிப் போக வேண்டாம். சம்பளம் கிடையாது. பாஸ் அல்லது டிக்கெட் வவுச்சர், ஒரு டி-ஷர்ட், இவைதான் வழக்கமாகக் கிடைப்பவை. பயணமும் தங்குவதும் பெரும்பாலும் நம் பொறுப்பு. பருவநிலையையும் பாருங்கள். அமெரிக்காவின் இன்னொரு விழாவான சன்டான்ஸ் நடப்பது கொட்டும் பனிக்காலமான ஜனவரியில், வரிசையைக் கவனிக்கும் வேலை கிடைத்தால் வெளியேதான் நிற்க வேண்டும். அந்த விழா 2027 முதல் பார்க் சிட்டியை விட்டு கொலராடோவின் போல்டருக்கு மாறுகிறது, பழைய அனுபவக் குறிப்புகளைப் படித்துத் தங்குமிடம் தேடாதீர்கள்.

விசா விஷயத்தில் யார் சொல்வதையும் கேட்டு நம்பிவிடாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் சில நாடுகள் அதை வேலையாகவே கருதும். பிரிட்டனில் சுற்றுலா வருகிறவர் தன்னார்வப் பணி செய்யலாம், ஆனால் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், மொத்தம் 30 நாட்களுக்குள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. தூதரகப் பக்கத்தில் படித்து, விழாக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் பற்றித் தனியாகப் போகும் பெண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். கடைசிப் படம் முடிந்து, கேள்வி பதில் முடிந்து, அரங்கைச் சுத்தம் பார்த்துக் கிளம்பும்போது பேருந்தோ ரயிலோ இருக்காது. என்னை அடுத்தடுத்து இரவு ஷிப்ட்டில் போட்டார்கள், தங்கியிருந்த இடம் தூரம் என்று சொல்லியும். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், முதல் தடவை நடக்கவில்லை, இரண்டாம் தடவை எழுத்தில் கேட்டதும் நடந்தது. எழுத்தில் கேளுங்கள். கொஞ்சம் கூடச் செலவானாலும் அரங்குக்கு நடக்கும் தூரத்தில் தங்குங்கள். உங்களைப் போலவே தனியாக வந்த இன்னொரு தன்னார்வலர் கட்டாயம் இருப்பார், முதல் நாள் பயிற்சி வகுப்பிலேயே அவரைக் கண்டுபிடித்து விடலாம், இடைவேளையில் போனைப் பார்க்காமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பார்.

படிவத்தில் எந்த வேலை விருப்பம் என்று கேட்பார்கள். பிரபலங்களைப் பார்க்கலாம் என்று பலரும் விருந்தினர் உபசரிப்பைக் கேட்கிறார்கள். அதில் பெரும்பகுதி விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு நிற்பதும் கார் வருவதற்காகக் காத்திருப்பதும்தான் என்று அந்தக் குழுவில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் மறுபடி போனாலும் அரங்க வாசலைத்தான் கேட்பேன். கேபின் இருக்கும் மாடிப்படிக்குப் பக்கத்து வாசலாக இருந்தால் இன்னும் நல்லது.