தங்கவயல் தாத்தாவின் நாட்குறிப்புகள்: பகிர்ந்துகொள்வதா, காப்பகத்தில் சேர்ப்பதா?

கேள்வி: அலசூர்வாசி

வணக்கம். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கணக்கெழுதிய என் தாத்தா, 1938 முதல் சுரங்கங்கள் அரசுடைமையான 1956 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பேடுகளும், குடியாத்தத்து உறவினர் எழுதிய கடிதங்களும், சீட்டுக் கணக்குகளும் பெங்களூரில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டை விற்கப் போவதால், ஆளுக்குச் சில ஏடுகளாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. காப்பகத்தில் கொடுக்க நான் விரும்புகிறேன். புகழ்பெறாத ஒருவரின் தாள்களை ஏற்பார்களா? குடும்பத் தகராறுகளைச் சொல்லும் கடிதங்களும் இருப்பதால் அத்தை தயங்குகிறார்.

பதில்: ஏடுதேடி

தயவுசெய்து பிரிக்காதீர்கள். சீட்டுப் பணத்தை ஏன் பாதியில் எடுத்தார் என்பதற்கான விடை அந்த மாதத்துக் கடிதத்தில் இருக்கும். ஏடு ஒரு வீட்டிலும் கடிதம் வேறொரு வீட்டிலும் போய்விட்டால், இரண்டுமே பாதி ஊமையாகிவிடும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு 1846இல்தான் வெளியார் கவனத்துக்கு வந்தது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் அரசியலை அறிய அதைப் படித்தவர்களுக்குக் கப்பல் வரவு, சரக்கு வாணிகம், நல்ல நேரம், ஊர்ப் பூசல் என ஒரு நகரத்தின் அன்றாட வாழ்வே கிடைத்தது. பிள்ளை துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த பெரிய மனிதர் என்பது உண்மைதான். ஆனால் தங்கவயலைப் பொறுத்தவரை, எவ்வளவு தங்கம் எடுக்கப்பட்டது என்பதைக் கம்பெனி அறிக்கைகளே சொல்லிவிடும். பாறை வெடித்த இரவில் தொழிலாளர் குடியிருப்பில் யார் விழித்துக் கிடந்தார்கள் என்பதை உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள்தாம் எழுதியிருக்க முடியும். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டுவிட்ட நிலையில், இத்தகைய தாள்களின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

பதில்: பழையதாள்

தனியாரிடமுள்ள வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஆவணங்களைத் தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் நன்கொடையாகப் பெற 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இடமளிக்கிறது. ஆனாலும் பெங்களூரிலேயே உள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தை முதலில் கேளுங்கள். தங்கவயலை ஆராய்பவர்கள் அங்கே செல்வதுதான் எளிது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எட்டும் இடம் வேண்டுமென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் விசாரிக்கலாம். அத்தையின் தயக்கம் நியாயமானது. அதற்காகக் கடிதங்களைக் கிழிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட கடிதங்களை இத்தனை ஆண்டுகளுக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனையை நன்கொடைப் பத்திரத்திலேயே எழுதிக் கேட்கலாம். தாள்களைக் கொடுப்பது வேறு, பதிப்புரிமையைக் கொடுப்பது வேறு என்பதையும் சித்தப்பாவுக்கு விளக்கிவிடுங்கள். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டால் பின்னாளில் வழக்கு வராது.

பதில்: ஏடுதேடி

ஒன்றைச் சேர்க்க வேண்டும். கொடுக்கும் வரை கிழிசல்களில் செலோடேப் ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்யாதீர்கள். பசை தாளைப் பழுப்பாக்கிவிடும், உறையைப் பின்னர் பிரிக்கவும் முடியாது. துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிட்டு, பெட்டியில் இருந்த வரிசை மாறாமல் ஒவ்வொரு கட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சித்தப்பாவுக்கும் அத்தைமாருக்கும் அந்தப் படங்களின் படியைக் கொடுத்தால், எல்லோர் வீட்டிலும் முழு நாட்குறிப்பும் இருக்கும்.