சின்னக் கேமிங் பெட்டிக்கு எஸ்எஸ்டி கூட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டைக் வீதி, திருகோணமலை

போன மாதம் தம்பியின் கொம்பியூட்டரில் எஸ்எஸ்டி (கேம்களும் ஃபைல்களும் சேமிக்கிற வேகமான டிரைவ்) மாற்றி இடம் கூட்டப் போய் இரண்டு கிழமை இழுபட்டேன். இதே வேலையைச் செய்தவர்கள் இங்கே கன பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், நான் என்னுடையதில் தொடங்குகிறேன்.

தம்பியினுடையது ஆபீஸ்களில் பாவித்துவிட்டு விற்கிற ஒல்லியான டெஸ்க்டொப். 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், அதற்குள் கொள்ளக்கூடிய உயரம் குறைந்த ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்குத் தனியாகப் பவர் வயர் தேவையில்லை, ஸ்லொட்டில் வருகிற 75 வாட் காணும், அதனால்தான் இப்படியான பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதையே தேடுகிறார்கள். உள்ளே இருந்தது 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 238 என்றுதான் காட்டும், அதில் விண்டோஸ் எடுத்தது போக மிச்சத்தில் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம் ஒன்றை ஏற்றினால் சரி, அதற்கே 150 ஜிபி. ஒன்றை அழித்து இன்னொன்றை இறக்குவான், அது அலுத்தால் பழையதைத் திரும்ப இறக்குவான், மாத டேட்டா 10ஆம் திகதிக்குள் முடிந்துவிடும். பிறகு மாத முடிவு வரைக்கும் அம்மாவுக்குக் கனடாவில் இருக்கிற அக்காவோடு வீடியோவில் கதைக்க முடியாது. எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன், மதர்போர்டில் இரண்டு எம்.2 ஸ்லொட் (ஒல்லியான கார்டு செருகுகிற இடம்), ஒன்றில் பழைய எஸ்எஸ்டி, மற்றது வெறுமை. நல்லதாய்ப் போச்சு என்று கொழும்பில் இருக்கிற மச்சானிடம் சொல்லி, பம்பலப்பிட்டியில் 1 டிபி என்விஎம்இ (எம்.2 ஸ்லொட்டில் போடுகிற வேகமான எஸ்எஸ்டி வகை) ஒன்றை வாங்கி இரவு பஸ்ஸில் வந்த ஒருவர் கையில் கொடுத்துவிடச் செய்தேன். காலையில் அனுராதபுரச் சந்தியில் போய் வாங்கி வந்து போடப் பார்த்தால் இறங்கவில்லை. அந்த வெறும் ஸ்லொட் வைஃபை கார்டுக்கானது. எஸ்எஸ்டி போடுவதற்கு உள்ள ஸ்லொட் எம் கீ, அதில் 2280 அளவு கொள்ளும், அதாவது 22 மில்லிமீற்றர் அகலம் 80 மில்லிமீற்றர் நீளம். வைஃபைக்கு உள்ளது இ கீ, 2230, பற்களுக்கு நடுவில் இருக்கிற வெட்டே வேறு இடத்தில் இருக்கும். தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள், அந்தத் தங்க நிறப் பற்கள் பிசகினால் ஸ்லொட்டும் போகும் எஸ்எஸ்டியும் போகும்.

இனி ஒரே வழி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை அதே இடத்தில் போடுவது. டவுனில் யூஎஸ்பி என்க்ளோஷர் (எஸ்எஸ்டியை வெளியில் இருந்து யூஎஸ்பியில் செருகுவதற்கான உறை) ஒன்று வாங்கி, புதியதை அதற்குள் வைத்து, பழையதில் உள்ளதை அப்படியே அதற்குக் க்ளோன் பண்ணினேன், அதாவது பிரதி எடுத்தேன். முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. கழற்றப் போனால் பழையதைப் பிடித்திருக்கிற குட்டி ஸ்குரூ அசையவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் கடல் தெரியும், உப்புக் காற்று அந்த ஸ்குரூவைக்கூட விட்டுவைக்கவில்லை, தலை வேறு வழுக்கிவிட்டது. போன் திருத்துகிற பெடியன் ஒருவன்தான் நுனிக் குறட்டால் மெல்லமாகத் திருப்பி எடுத்துத் தந்தான், பதிலுக்கு லப்டொப் ஸ்குரூ ஒன்றும் போட்டான். எம்.2க்கு அநேகமாகப் பொருந்துவது 2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 மில்லிமீற்றர் நீளம்.

போட்டு ஓன் பண்ணியதும் வந்தது. ஆனால் சி டிரைவ் இன்னும் 237 ஜிபி! மிச்சம் கிட்டத்தட்ட எழுநூறு ஜிபி விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் பாவிக்காத இடமாகக் கறுப்பாகக் கிடக்கிறது, சி டிரைவை நீட்டுகிற தெரிவு வேலை செய்யவில்லை. காரணம், க்ளோன் பண்ணும்போது விண்டோஸின் ரிக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கு ஒதுக்கிய பகுதி) சி டிரைவுக்கும் வெறும் இடத்துக்கும் நடுவில் வந்து குந்திவிடுகிறது, சி டிரைவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற வெறும் இடத்தைத்தான் விண்டோஸ் சேர்க்கும். இலவசப் பார்ட்டிஷன் மென்பொருள் ஒன்றால் அந்த ரிக்கவரியைக் கடைசிக்கு நகர்த்திய பிறகு சரிவந்தது. க்ளோன் பண்ணும் இடத்திலேயே இதை ஒழுங்குபடுத்தலாம், நான் அவசரத்தில் பார்க்கவில்லை.

கிண்ணியா

தம்பி, நீங்கள் பெட்டிக்குள் 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டிக்கு (வயரால் இணைக்கிற பழைய வகை) இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லையா? என்னுடையதும் அதே மாதிரி ஒல்லிப் பெட்டிதான், நான் அதைத்தான் செய்தேன். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணப் பெட்டியில் பவர் சப்ளையிலிருந்தே சாட்டா பவர் வயர் தொங்கும். இந்த ஆபீஸ் மெஷின்களில் அப்படி இல்லை, மதர்போர்டில் உள்ள ஒரு குட்டிச் சொக்கெட்டிலிருந்து தனி வயர் போக வேண்டும், அந்த வயர் அந்தந்த மொடலுக்குத்தான் பொருந்தும். பாவித்த மெஷினை விற்கும்போது ஹார்ட் டிஸ்க்கோடு வயரையும் கழற்றி எடுத்துவிடுவார்கள். எஸ்எஸ்டி கையில் இருக்க, வயருக்காக நான் மூன்று கிழமை காத்திருந்தேன். முள் எண்ணிக்கை ஒன்று என்று வேறு மொடல் வயரைச் செருகாதீர்கள், 5 வோல்ட் 12 வோல்ட் இடம் மாறினால் டிரைவ் எரிந்துவிடும்.

டேட்டா பிரச்சினைக்கு என் வழியைச் சொல்கிறேன். என்னிடம் பழைய 2 டிபி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. விளையாடாத கேம்களை, கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் புரோகிராமின் ஸ்டோரேஜ் பக்கத்தில் போய் அதற்கு நகர்த்திவிடுவேன், வேண்டும்போது திரும்ப எஸ்எஸ்டிக்கு எடுப்பேன், இறக்கவே வேண்டாம். கணக்குப் பாருங்கள், செக்கனுக்கு 100 எம்பி போனால் 150 ஜிபி 25 நிமிடத்தில் முடியும். அதையே 20 எம்பிபிஎஸ் லைனில் (செக்கனுக்கு 2.5 எம்பிதான்) இறக்கினால் கிட்டத்தட்ட 17 மணித்தியாலம், அதுவும் லைன் விழாமல் இருந்தால். யூஎஸ்பி 3 போர்ட்டில்தான் செருக வேண்டும், அநேகமாக நீலமாக இருக்கும், பழைய யூஎஸ்பி 2இல் செருகினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே நேராக விளையாடவும் பார்த்தேன், பழைய கேம்கள் ஓடும். சைபர்பங்க் 2077 போன்றவை இப்போது எஸ்எஸ்டி கட்டாயம் என்றே சொல்கின்றன, தெருவில் வாகனம் ஓட்டும்போது கட்டடங்கள் பாதியில் நிற்கும்.

நிலாவெளி

என்னுடையது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மினி பிசி. இரண்டு என்விஎம்இ ஸ்லொட்டும் உண்மையிலேயே எஸ்எஸ்டிக்கானவை, போடுவதில் ஒரு கரைச்சலும் இல்லை. எனக்கு வந்தது சூடு. மகளோடு இரவில் விளையாடுவோம், அரை மணித்தியாலத்தில் படம் நின்று நின்று ஓடும், முதலில் கிராஃபிக்ஸ்தான் காணாது என்று நினைத்தேன். டிரைவின் சூட்டைக் காட்டுகிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் பார்த்தால் புதிய எஸ்எஸ்டி 83 பாகையில் நிற்கிறது. அந்தச் சூட்டில் அது தன்னைக் காப்பாற்ற வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். எங்கள் பக்கம் மே, ஜூனில் கச்சான் காற்று அடிக்கும்போது அறையே அடுப்பு மாதிரி, பெட்டிக்கு அடியில் காற்றே போகாமல் மேசையோடு ஒட்டி வைத்திருந்தேன்.

திரும்பத் திறந்து பார்த்தேன். மூடியின் உட்பக்கத்தில் சூட்டை இழுக்கிற ரப்பர் மாதிரியான பட்டை இருக்கும், எஸ்எஸ்டி அதில் முட்டினால்தான் மூடி சூட்டை வாங்கும். அதன் மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை நான் உரிக்கவேயில்லை. உரித்துப் போட்டு, பெட்டியை நாலு போத்தல் மூடி மேல் உயர்த்தி வைத்தேன். இப்போது 65ஐத் தாண்டுவதில்லை. வாங்கும்போது செக்கனுக்கு 7000 எம்பி வேகம் என்று கூடக் காசு கொடுத்து எடுத்தேன், விளையாட்டுக்கு அது தேவையே இல்லை என்று இப்போது விளங்குகிறது, வேகம் குறைந்த 3500 காரன் இந்தச் சின்னப் பெட்டிக்குள் இதை விடக் குளிர்ச்சியாக இருந்திருப்பான்.

மூதூர்

நான் இணையத்தில் மலிவாகக் கண்டு 4 டிபி எக்ஸ்டேர்னல் எஸ்எஸ்டி எடுத்தேன். செருகினால் 4 டிபி என்றுதான் காட்டியது. கேம் இரண்டு ஏற்றினேன், இரண்டாவது திறக்கவில்லை, பிறகு முதலாவதும் பழுது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவசப் புரோகிராமால் முழுக்க எழுதி வாசித்துச் சோதித்தேன், உள்ளே உண்மையில் 64 ஜிபி கூட இல்லை. திறந்து பார்த்தால் ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கிறது. காசு திரும்பக் கிடைக்கவில்லை. புது டிரைவ் எது வாங்கினாலும் படங்கள், பாடக் குறிப்புகள் எதையும் ஏற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஓர் இரவு போனாலும் பரவாயில்லை.

டைக் வீதி, திருகோணமலை

எல்லாருக்கும் நன்றி. கிண்ணியா நானா, நீங்கள் சொன்ன பிறகு திரும்பத் திறந்து பார்த்தேன், கார்டுக்குப் பக்கத்தில் 2.5 அங்குல டிரைவுக்கான தட்டு இருக்கிறது, மதர்போர்டில் அந்தக் குட்டிச் சொக்கெட்டும் வெறுமையாக இருக்கிறது, வயர் மட்டும் இல்லை. மொடல் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், உங்கள் வயர் எங்கே எடுத்தது என்று சொல்லுங்கள்.

சாட்டா போட்டால் கேம் மெதுவாகுமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். சாட்டா செக்கனுக்கு 550 எம்பிக்கு மேல் போகாது, என்விஎம்இ அதைப் போல ஆறு மடங்கு போகும், ஆனாலும் தம்பியின் பெட்டியில் ஒரே கேமைக் கூட்டாளியின் சாட்டா எஸ்எஸ்டியில் ஏற்றிப் பார்த்தபோது திறக்கிற நேரத்தில் இரண்டு மூன்று செக்கன்தான் வித்தியாசம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் மனிதனுக்கு விளங்குகிற வித்தியாசம் வரும். காசு குறைவென்றால் சாட்டாவையே எடுங்கள், இடம் கூடினதாக எடுங்கள்.

நிலாவெளி அக்கா, தம்பியின் எஸ்எஸ்டி விளையாடும்போது 58 பாகையில் நிற்கிறது, பெட்டியின் மூடியும் போட்டபடிதான் இருக்கிறது.

பழைய 256ஐ மாமா மகளின் லப்டொப்பில் போட்டுவிட்டோம், என்க்ளோஷர் சும்மா கிடக்கிறது. டவுனுக்கு வருகிறவர்கள் யாரும் எடுத்துப் போய் க்ளோன் பண்ணிவிட்டுக் கொண்டுவந்து தரலாம், மிஞ்சிய நாலு ஸ்குரூவையும் ஒரு சின்னப் பையில் போட்டு அதோடு ஒட்டி வைத்திருக்கிறேன்.