குக்கர் விசிலும் மங்கோலியமும்: எங்கள் பெரிய வீடு குழுவில் இருந்து

குமரன்: ரேவதி அக்கா, விசா வந்துவிட்டது!! அடுத்த மாதம் 20ஆம் தேதி மங்கோலியாவில், உலான்பாதரில் வேலைக்குச் சேர வேண்டும். மங்கோலியம் எப்படிப் படித்தீர்கள்? இன்று ராத்திரியில் இருந்து தினமும் 2 மணி நேரம் உட்காரப் போகிறேன்

அம்மா: நோட்டு வாங்கி அட்டை போட்டு லேபிளும் ஒட்டியாச்சு. படிப்பு மட்டும்தான் பாக்கி

ரேவதி அக்கா: வாடா வா. 2 மணி நேரம் எல்லாம் வேண்டாம்

ரேவதி அக்கா: நானும் வந்த புதிதில் ராத்திரி 9 முதல் 10 வரை என்று வைத்தேன். ஆபீஸ் விட்டு டிராஃபிக்கில் நின்று நின்று வந்து, போட்டிருக்கும் மூன்று அடுக்கையும் கழற்றி, சமைத்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொக்கும். 9 நாள் ஓடியது. 10ஆம் நாள் விட்டேன், மறுநாள் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்று கடன் வைத்தேன், அந்தக் கடன் ஏறி ஏறி ஒரு மாதம் புத்தகத்தின் பக்கமே போகவில்லை. இப்போது காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கும்போது போனில் சொல் கார்டுகளைத் திறப்பேன், டம்ளர் காலியானதும் மூடிவிடுவேன், 15 நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். நான் டீ குடிக்காத நாள் கிடையாது, அதனால் படிக்காத நாளும் இல்லை

அம்மா: இவன் டீயே குடிக்க மாட்டானே

தாத்தா: அங்கே டீயில் உப்பு போடுவார்களாமே

ரேவதி அக்கா: ஆமாம் தாத்தா, ஆபீஸில் அதுதான். ஸூதெய் ட்ஸாய். குமரா இதைக் கவனி, ஸூ என்றால் பால், தெய் என்றால் ‘ஓடு’, ட்ஸாய் டீ. பாலோடு டீ. நம்மைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகும், வினைச்சொல்லும் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் யோசித்துப் படித்தால் தலைகீழாக இருக்கும், தமிழில் யோசி

குமரன்: டுவோலிங்கோ மொழி ஆப்பில் தேடினேன், மங்கோலியமே இல்லை

ரேவதி அக்கா: இல்லை. ஆன்கி என்று ஒரு ஆப், நான் சொன்ன சொல் கார்டுகள் அதில்தான், இறக்கிக்கொள். ஒரு நாளைக்கு புதுச்சொல் 5, அதற்கு மேல் ஆசைப்படாதே, பழையதெல்லாம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்

ரேவதி அக்கா: ஆனால் முதல் வாரம் எழுத்து மட்டும். ரஷ்ய எழுத்து 33, அதோடு இவர்களுடைய இரண்டு சேர்த்து 35. புது எழுத்து பயமே இல்லை, தெரிந்த மாதிரி இருப்பதுதான் ஏமாற்றும். ஆங்கில பி போல இருப்பது ர, எச் போல இருப்பது ந, சி போல இருப்பது ஸ. இங்கே வந்த முதல் நாள் ஒரு போர்டை ‘பெக்டோபா’ என்று படித்து, ஏதோ கம்பெனி போல என்று அந்தக் கடையைத் தாண்டிப் போய் பசியோடு திரும்பினேன். ரெஸ்டாரன்ட் என்றுதான் எழுதியிருந்தது

அம்மா: 😂😂

குமரன்: மேலிருந்து கீழே எழுதுவார்களே, அந்த எழுத்து?

ரேவதி அக்கா: 2025 ஜனவரியில் இருந்து அரசு ஆவணத்தில் இரண்டும் உண்டு. நீ இப்போதைக்குத் தொடாதே

முரளி மாமா: ஒரு சந்தேகம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆட்களுக்கு மங்கோலியம் கற்றுத்தர சுமார் 1100 மணி நேரம் கணக்கு வைத்திருக்கிறது (தமிழுக்கும் அதே கணக்குதான்). தினமும் 15 நிமிடம் என்றால் 12 வருடம் ஆகும்மா

ரேவதி அக்கா: மாமா, கணக்கில் தப்பு இல்லை 🙂 ஆனால் அந்த 15 நிமிடத்தில் மொழி வராது, காதுதான் திறக்கும். காலையில் ‘ஆஸ்’ என்றால் ‘இலிருந்து’ என்று படித்தேன், உலான்பாதர்-ஆஸ். அன்று பஸ்ஸில் ஒரு அம்மா போனில் கெர்-ஏஸ் என்றார், வீட்டிலிருந்து. ஆபீஸில் நோம்-ஓஸ் என்று கேட்டது, புத்தகத்திலிருந்து. முன்னால் உள்ள உயிரெழுத்துக்குத் தகுந்தாற்போல ஆஸ், ஏஸ், ஓஸ் என்று வால் நிறம் மாறுகிறது. புத்தகத்தில் அரைப் பக்கம் பட்டியலாகப் பார்த்தபோது ஏறவே இல்லை. காலையில் படிக்காமல் போயிருந்தால் பஸ்ஸில் அது வெறும் இரைச்சல்

முரளி மாமா: சரி, ஒப்புக்கொண்டேன்

தாத்தா: நம் சொல் ஏதும் உண்டா அதில்

ரேவதி அக்கா: கிரகங்களைப் பாருங்கள் தாத்தா. வெள்ளி சுகர், செவ்வாய் அங்காரக், புதன் புத், வியாழன் பர்ஹஸ்பாத், சனி சன்ச்சிர். பௌத்தத்தோடு போன சமஸ்கிருதப் பெயர்கள். மருந்துக்கடை எமின் சன், நூலகம் நோமின் சன், மருந்தின், நூலின் என்று நம் ‘இன்’ போலவே கேட்கும்

தாத்தா: அப்போது தமிழில் இருந்துதான் போயிருக்கிறது!

ரேவதி அக்கா: இல்லை தாத்தா, அது தற்செயல் 🙏 ஃபார்வர்ட் பண்ணிவிடாதீர்கள்

தாத்தா: பண்ணிவிட்டேன்

குமரன்: 🎤 0:05

குமரன்: சைன் பைனா ஊ. சரியா அக்கா?

ரேவதி அக்கா: எழுத்துக் கூட்டிப் படிக்கிறாய். தெருவில் ஸேன் பேனோ என்றுதான் விழும், முதல் அசைக்குப் பிறகு வரும் குறிலை எல்லாம் பாதி விழுங்கிவிடுவார்கள். கடைசியில் இருக்கும் ஊதான் நம் ‘ஆ’, ‘இருக்கீங்களா’வில் வருகிற மாதிரி. நல்லா இருக்கீங்களா, அப்படியே அதுதான். தினமும் இப்படி ஒன்று குழுவில் போடு, போடாவிட்டால் சித்தி கேட்கட்டும்

குமரன்: ல மட்டும் வரவில்லை. ழ வருகிற நாக்குக்கு எல்லாம் வரும் என்று நினைத்தேன்

ரேவதி அக்கா: எனக்கும் வரவில்லை. ல சொல்லிக்கொண்டே நாக்கின் பக்கவாட்டில் காற்றை உரசவிட வேண்டும். அதற்குள் டீ ஆறிவிடும். சரி, நீ எதோடு சேர்த்துப் படிக்கப் போகிறாய்?

குமரன்: பல் தேய்த்த பிறகு?

அம்மா: அதற்கே நேரம் காலம் கிடையாது

அம்மா: காலையில் குக்கர் வைப்பது இனி நீ. விசில் எண்ணிக்கொண்டே படி. பருப்புக்கு நாலு

ரேவதி அக்கா: சித்தி 👏👏 இதுதான் சரி

(மறுநாள் காலை)

குமரன்: 🎤 0:07

ரேவதி அக்கா: ம், நெக், ஹொயர், குரவ்... மூன்றோடு ஏன் நின்றுவிட்டாய்?

அம்மா: நாலுக்கு என்ன என்று நோட்டில் தேடிக்கொண்டே இருந்தான், அதற்குள் ஏழு விசில் போய்விட்டது. இன்று எல்லோருக்கும் பருப்புக் கஞ்சிதான்

ரேவதி அக்கா: தொரொவ்