சேலத்தில் சின்னப் படங்கள் பார்த்த அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன்.

'கூழாங்கல்' படத்தை நான் பார்த்தது சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். சுயாதீனப் படங்களுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய விழா அது. மணமேடையில் திரை கட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓமலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மருமகளோடு வந்திருந்தார்.

படம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. 2021ல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கோபித்துக்கொண்டு தாய் வீடு போன மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான் ஒரு குடிகாரக் கணவன். அங்கே சண்டை. திரும்பிவர வைத்திருந்த பஸ் காசைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் அந்தப் பொட்டல் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு.

பையன் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதும் அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "நாக்கு வறளாம இருக்கத்தான் கண்ணு. ஆடு மேய்க்கப் போறப்ப நாங்களும் போட்டுக்குவோம்" என்றார். வீட்டுக்கு வந்த பையன் அந்தக் கல்லை ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கற்களோடு வைக்கிறான். எத்தனை முறை இப்படி நடந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவுக்கு அது முதல் கல்லிலேயே தெரிந்திருந்தது.

கடைசியில் பெண்கள் குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். நீளமான காட்சி. பின்வரிசையில் சிலர் எழுந்து போக ஆரம்பித்தார்கள். இவர் அசையவில்லை.

படம் முடிந்ததும் மைக் விருதுகளைப் பற்றிப் பேசியவர்களிடமே சுற்றியது. ஒருவர் இயக்குநரின் சகோதரியைப் பற்றிச் சொன்னார். புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே தாய் வீடு வந்தவர். அதிலிருந்து பிறந்த படம் இது. அதைக் கேட்டபிறகு என் பக்கத்து அம்மா தானாகக் கை தூக்கினார். "அவன் கோவத்துல நடக்கறான். தண்ணிக்கு நடக்கற பொம்பளைக்குக் கோவப்பட நேரம் ஏதுங்க?" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குள் அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கை அணைத்துவிட்டார்கள். எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு படத்தைக் குறைத்திருந்தால் அவர் இன்னும் பேசியிருப்பார். உங்களுக்கு இப்படி யாரையாவது சந்தித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

*

நான் கொண்டலாம்பட்டி. எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை.

வெள்ளிக் கொலுசு பற்றிக் கல்லூரித் தம்பி ஒருவர் சின்ன ஆவணப்படம் எடுத்தார். விழாவுக்கு அனுப்புவதற்கு முன்னால், நடித்தவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று எங்கள் தெருவுக்கே வந்தார். நடித்தவர்கள் என்றுதான் எங்கள் ஆட்களும் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவு சந்தோஷம். சுவரில் வேட்டி கட்டி, எங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தோம்.

தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது முதல் ஐந்து நிமிடம். அப்புறம் ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தார்கள். வெள்ளியைப் பொடி வைத்துத் தீயில் பற்றவைக்கும் காட்சியில் பின்னால் ஃபேன் ஓடுகிறது. "ஃபேன் போட்டா தீ நிக்குமா? பொடியெல்லாம் பறந்துராது?" என்று ஒரே கூச்சல். வெயில் காலத்தில் அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரியும். படம் எடுக்க வந்தவர்களுக்குப் புழுங்கக்கூடாதே என்று யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கம்பி இழுப்பதிலிருந்து மெருகு போடுவது வரை ஒரு கொலுசு பல வீடு மாறிப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் எடை போட்டுத்தான் வெள்ளி வரும், எடை போட்டுத்தான் போகும். படத்தில் வேலை அழகாக இருந்தது, பின்னணியில் வீணை. சலங்கை வைக்கும் எங்கள் சித்தி கேட்டார்: "தம்பி, கொண்டுபோன வெள்ளிய திருப்பி எடை போடற நேரந்தான் எங்களுக்கு நெஞ்சு பதறும். குறைஞ்சா கூலியில புடிப்பாங்க. அத ஏன் நீ படம் புடிக்கல?"

அந்தத் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கேமராவோடு வந்து, தராசு முன்னால் சித்தி நிற்பதை எடுத்தார். முள் அசைவு நிற்கும்வரை அவர் முகம் மட்டும். இப்போது படம் அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது, வீணை இல்லை. விழாவில் அதைப் பார்த்தவர்கள் சித்தியைப் பற்றியே கேட்டார்கள் என்று தம்பி சொன்னபோது எங்கள் தெருவே பெருமைப்பட்டது.

*

ஏற்காடு. எஸ்டேட் வேலை செய்பவர்களுக்காக ஒரு பள்ளிக்கூட அறையில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' போட்டார்கள். லெனின் பாரதி இயக்கி 2018ல் வந்த படம். கதை தேனி மலையில் நடக்கிறது, ஏலக்காய்க் காடு. எங்களுக்குக் காப்பியும் மிளகும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

துண்டு நிலம் வாங்கவேண்டும் என்பதுதான் ரங்கசாமியின் ஒரே ஆசை. அதற்காக அவன் கொண்டுவரும் ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருண்டு சிதறும்போது அறையில் எல்லோரும் "ஐயோ" என்று கத்திவிட்டார்கள். மூட்டை தூக்கிய ஆட்களுக்கு அந்தப் பள்ளம் தெரியும். கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில், காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருப்பான்.

எனக்குத் தெரிந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் (மலையாளி என்றால் எங்கள் மலையின் பூர்வகுடிகள், கேரளம் இல்லை) வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, "எங்க அப்பன் வேலி இல்லாத காட்டைப் பாத்தவரு. நான் அந்த வேலிக்குக் கம்பி கட்டினவன்" என்றார். பனி இறங்கிவிட்டது, ஆனாலும் யாரும் கிளம்பவில்லை. எந்தக் காடு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் போனில் இதே படத்தைப் பார்த்திருந்த என் தம்பி, "இந்தப் படத்தையா நான் பாத்தேன்?" என்று கேட்டான்.

*

மூவருக்கும் நன்றி. நான் திரையிடல்களில் வேலை செய்பவன், அஸ்தம்பட்டி.

அம்மாப்பேட்டை அக்கா சொன்னது முழுக்கச் சரி. நாள் முழுக்கப் படங்களை அடுக்குவதில் எனக்கும் உடன்பாடில்லை. 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் போட்ட அன்று இதை நன்றாகப் பார்த்தேன். திவ்யபாரதி 2017ல் எடுத்தது, மலம் அள்ளும் வேலையில் சாகிறவர்களைப் பற்றியது. மனிதர்களை அந்த வேலையில் இறக்கக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. தூய்மைப் பணியாளர்கள் சிலரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். படம் முடிந்து நெடுநேரம் அவர்கள்தான் பேசினார்கள். கையுறை கேட்டால் என்ன பதில் வரும், எந்தத் தெருவில் யார் தண்ணீர் தருவார்கள், யார் தரமாட்டார்கள் என்று பெயர் சொல்லிப் பேசினார்கள். அந்தத் தெருக்காரர்கள் சிலர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அன்று வேறு படம் வைக்காதது நல்லதாகப் போயிற்று.

இது புதிய வழியும் இல்லை. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவின் நண்பர்களும் ஊர் ஊராகப் படம் போட்டு, மக்களிடம் காசு திரட்டி 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். மதுரையில் ஆர்.பி. அமுதன் 1998லிருந்து ஆவணப்பட விழா நடத்துகிறார். 1935ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டூடியோவைத் தொடங்கிய ஊர் நம்முடையது. தமிழின் முதல் வண்ணப்படம் இங்கிருந்துதான் வந்தது. இந்த ஊரில் ஆவணப்படத்துக்கு நிரந்தரமாக ஓர் அறை இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

திரையிட நினைப்பவர்களுக்கு ஒன்று. ஓடிடி கணக்கிலிருந்து அப்படியே ஓட்டாதீர்கள். இயக்குநரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். சின்னப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்து தருகிறார்கள். மலையில் இன்டர்நெட்டை நம்பவேண்டாம், பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கொண்டலாம்பட்டிக் கொலுசுப் படத்தையும் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யையும் மட்டும் ஒரே நாளில் வைத்து, மீதி நேரத்தைப் பேச்சுக்கு விடலாம் என்று இருக்கிறோம். கொலுசுக்காரச் சித்தியும் ஏற்காட்டுப் பெரியவரும் வரவேண்டும், வண்டிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஐந்து ரோடு பக்கம் குறைந்த வாடகைக்கு மண்டபம் யாருக்காவது தெரிந்தால் இங்கேயே சொல்லுங்கள்.