பெயர் இல்லாத பழைய பூல் கியூ: யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? (பெங்களூரு)

அல்சூர்வாசி:
வணக்கம். சிவாஜிநகரில் பழைய சாமான் கடையில் இரண்டாகக் கழற்றும் பூல் கியூ (பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்) ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "அமெரிக்கா சரக்கு" என்றார், அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பெயர், லோகோ, எண் எதுவும் இல்லை. பட், அதாவது கையில் பிடிக்கும் பின்பாதி, கருஞ்சிவப்பு. அதில் நான்கு கூர்முனை டிசைன்கள், ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகக் கோடுகள். பிடியில் நூல் சுற்று, இரண்டு பாதியும் சேரும் ஜாயின்ட் ஸ்டீல். முன்பாதியான ஷாஃப்ட் நன்றாகவே வளைந்துவிட்டது. பட் பகுதியை மட்டும் மேஜையில் உருட்டினால் ஆட்டமே இல்லை, கையிலும் அருமையாக உட்காருகிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை. புது ஷாஃப்ட் வாங்க கம்பெனி தெரிய வேண்டுமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

மூலைப்பாக்கெட்:
டிப் (பந்தில் படும் நுனி) அளவு என்ன? நம் ஊர் கிளப்புகளில் புழங்குவது பெரும்பாலும் ஸ்னூக்கர் கியூ. அது ஆஷ் மரம், டிப் 9 முதல் 10 மி.மீ., ஷாஃப்டில் அம்பு அம்பாக ரேகை ஓடும். பூல் கியூ என்றால் மேப்பிள், 12 முதல் 13 மி.மீ. அந்தக் கோடுகளைக் கேட்டால் மியூச்சி கம்பெனியுடையதாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அல்சூர்வாசி:
12.8 மி.மீ. ரேகை தெரியாத வெளிர் மரம். மேப்பிள்தான் போல.

வெர்னியர்:
மியூச்சிக்கு ஸ்டீல் ஜாயின்ட் இடிக்கிறதே. அவர்களுடைய பழைய கியூக்களில் வழக்கமாக பிளாஸ்டிக் ஜாயின்ட், 5/16-18 பின் (இணைக்கும் திருகு 5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 புரி), முகம் தட்டையாக இருக்கும். நான்கு முனை டிசைனை எல்லோரும் போடுகிறார்கள், அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. ஜாயின்ட்டை அளந்து பாருங்கள்.

பின்னின் விட்டத்தை வெர்னியர் காலிபரில் எடுங்கள். 9.5 மி.மீ. வந்தால் 3/8 அங்குலம், 7.9 வந்தால் 5/16. அப்புறம் 12.7 மி.மீ. நீளத்தில், அதாவது அரை அங்குலத்தில், எத்தனை புரி என்று எண்ணுங்கள். 5 என்றால் அங்குலத்துக்கு 10. 7 என்றால் 14. 9 என்றால் 18. மெக்டெர்மட் கம்பெனி என்றால் 3/8-10. ஜாஸ், ஷோன் கம்பெனிகள் இரண்டும் 5/16-14. அவற்றில் ஷாஃப்டில் இருக்கும் பித்தளை சற்று வெளியே நீண்டு பட்டின் ஸ்டீல் வளையத்துக்குள் இறங்கும், பைலட் ஜாயின்ட் என்பார்கள்.

முக்கியமான விஷயம்: சாண்ட்பேப்பர், பாலிஷ் எதுவும் போடாதீர்கள். மங்கிய எழுத்து ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும்.

நீலச்சாக்:
அடியில் இருக்கும் ரப்பர் பம்பரையும் கழற்றிப் பாருங்கள். சிலர் உள்ளே எழுத்தோ எண்ணோ போட்டிருப்பார்கள். இன்னொன்று, முனைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உண்மையான மரம் என்றால் ரேகை ஓடும், நான்கு முனைகளின் உயரமும் துளி முன்பின் இருக்கலாம். புள்ளி புள்ளியாக மை தெரிந்தால் ஸ்டிக்கர் ஒட்டி மேலே வார்னிஷ் அடித்தது.

அல்சூர்வாசி:
பின் 7.9 மி.மீ., அரை அங்குலத்தில் 7 புரி. பித்தளையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்பருக்குள் எடை போல்ட் தவிர எதுவும் இல்லை. ஆனால் லென்ஸில் பச்சைக் கோடு முழுக்கப் புள்ளிகள். முனைகள் நான்கும் ஒரே உயரம். அப்படியானால் ஜாஸ் இல்லையா?

வெர்னியர்:
ஜாஸ், ஷோன் இரண்டுமே இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். இந்தத் தரத்தில் வேலை செய்கிறவர்கள் முனையை அச்சடித்து ஒட்ட மாட்டார்கள். ஜாயின்ட் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்தமாகச் செய்து விற்ற கியூ இது. ஒரே தொழிற்சாலை பல கடைகளுக்குப் பெயரே இல்லாமல் செய்து கொடுப்பது சாதாரணம், அதனால் இதற்கு மேல் தேடினாலும் ஒரு பெயரில் போய் நிற்காது. யாராவது ஜாஸ் என்று சொல்லி விலை பேசினால் நம்பாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது ஷாஃப்ட்தானே? அதற்குக் கம்பெனி பெயர் தேவையே இல்லை. "5/16-14 பைலட்" என்று கேட்டால் போதும். பட்டின் ஜாயின்ட் வளையத்து வெளிவிட்டத்தையும் அளந்து சொல்லுங்கள், பொதுவாக 21 மி.மீ. சுற்றி வரும். அது பொருந்தாவிட்டால் இணைப்பில் விரலுக்கு விளிம்பு தட்டும்.

மூலைப்பாக்கெட்:
மியூச்சி என்றதை விட்டுவிடுங்கள், வெர்னியர் சொல்வதுதான் சரி. வசந்த் நகரில் கர்நாடக மாநில பில்லியர்ட்ஸ் சங்கத்தில் ஆடுகிறவர்களிடம் கியூ ரிப்பேர்க்காரர் யார் என்று விசாரியுங்கள். ஆர்டர் போடும் முன் அவரிடம் பட் பகுதியை எடுத்துப் போய்க் காட்டுங்கள், பித்தளை இறங்கும் குழியின் ஆழம் கியூவுக்குக் கியூ மாறும்.

அல்சூர்வாசி:
வளையம் 21.2 மி.மீ. சனிக்கிழமை எடுத்துப் போகிறேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.