‘ஹெயில் மேரி’க்குத் தமிழில் என்ன?

சிகாகோவிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் ‘ஹ’ வரிசைக்கு வந்துவிட்டோம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கை மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கிற டச்டவுனும் அப்படித்தான். ஆனால் ‘ஹெயில் மேரி’யை அப்படியே எழுதினால், ஆட்டம் பார்க்காதவர்கள் யாரோ ஒரு வீராங்கனையின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பட்டியலுக்காகப் பொருளை எழுதிவிடுகிறேன். நேரம் முடியப் போகிறது. பின்தங்கிய அணிக்கு இன்னும் பாதி மைதானம் பாக்கி இருக்கிறது. பத்து கெஜம் பத்து கெஜமாக நகர நேரமில்லை. ஆகவே ஓடத் தெரிந்தவர்களை எல்லாம் எதிரணியின் எல்லைக்கு அனுப்பிவிட்டு, குவார்ட்டர்பேக் தன் தோள் வலிமை முழுவதையும் போட்டு அந்தக் கும்பலின் தலைக்கு மேலே பந்தை எறிகிறார். யார் கையில் விழும் என்று அவருக்கும் தெரியாது. பெரும்பாலும் தரையில்தான் விழும்.

இப்போதைக்கு ‘கடைசி வீச்சு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. வேறு சொல்லுங்கள்.

டாலஸிலிருந்து:

‘கடைசி வீச்சு’ சப்பென்று இருக்கிறது, தம்பி. தவறும்கூட. முதல் பாதி முடியும்போதும் இதை எறிவார்கள். 2017 ஜனவரியில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக கிரீன் பே அணியின் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்தாரே, அது இடைவேளைக்கு முன்னால்.

இந்தச் சொல்லைப் பரப்பியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1975 டிசம்பர் 28. மினசோட்டா வைக்கிங்ஸ் 14, டாலஸ் கௌபாய்ஸ் 10. அரை நிமிடந்தான் மிச்சம். ரோஜர் ஸ்டாபாக் எறிந்த பந்தை ட்ரூ பியர்சன் இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் நுழைந்தார். 17–14. ஸ்டாபாக் கத்தோலிக்கர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஹெயில் மேரி சொன்னேன் என்று பத்திரிகையாளர்களிடம் பிறகு சொன்னார். நோத்ர டேம் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களிடையே முன்பே புழங்கிய பேச்சுதான் அது. ஆனால் நாடு முழுக்கப் பரவியது அந்த நாளுக்குப் பிறகு.

அந்தச் செபத்துக்குத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது: மங்கள வார்த்தை. ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்று தொடங்குவது. புதிய பாடத்தில் ‘அருள் மிகப்பெற்ற’. நாம் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதே இல்லை. ‘மங்கள வீச்சு’ என்று வைத்துவிடலாம்.

ரொறொன்ரோவிலிருந்து:

அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. மங்களமா? ஆருக்கு மங்களம்?

நான் பஃபலோ பில்ஸ் இரசிகன். ரொறொன்ரோவில் இருந்துகொண்டு ஏன் என்று கேட்காதீர்கள். இந்த அணிகளெல்லாம் ஆடும் என்எஃப்எல் லீகில் எங்களுக்கு அணி இல்லை, எல்லை தாண்டினால் அவர்களுடைய மைதானம். 2008 முதல் 2013 வரை பில்ஸே இங்கு வந்து ஆண்டுக்கொரு ஆட்டம் ஆடினார்கள். இந்த அணியைப் பிடித்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் பிடிக்க வேண்டும். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் (லீகின் இறுதி ஆட்டம்), நான்கிலும் தோல்வி. முதலாவது ஒரே ஒரு புள்ளியில், 47 கெஜத்தில் இருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கமாகப் போனதால். 1999க்குப் பிறகு 17 பருவம், பருவக் கடைசியில் வரும் பிளேஆஃப் சுற்று என்றால் மற்றவர்கள் ஆடுவது.

அதெல்லாம் இருக்கட்டும், ஹெயில் மேரிக்கு வருகிறேன். 2020 நவம்பர் 15, அரிசோனா. ஆட்டம் முடிய 34 செக்கன் இருக்கையில் ஜோஷ் அலன் எறிந்ததை ஸ்டெஃபான் டிக்ஸ் பிடித்து எங்களை 30–26 என்று முன்னே கொண்டுவந்தார். அந்த 34 செக்கனில் நான் ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டேன். பிறகு கைலர் மர்ரி இடப்பக்கமாக ஓடினார். எங்கள் ஆள் அவரைக் கிட்டத்தட்டப் பிடித்தே விட்டார். தப்பி எறிந்தார். எல்லைக்குள் டியாண்ட்ரே ஹாப்கின்ஸ். அவரைச் சுற்றி எங்கள் ஆட்கள் மூன்று பேர், மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். எட்டுக் கைகள் மேலே போயின, பந்தோடு இறங்கியவை ஹாப்கின்ஸின் இரண்டு கைகள். 32–30. மிச்சம் இரண்டு செக்கன்.

அரிசோனாக்காரர் அதை ‘ஹெயில் மர்ரி’ என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அகராதியில் அதை ‘மங்களம்’ என்று நான் படிக்க வேண்டுமா? உங்கள் 1975 வீச்சிலும், பியர்சன் தன்னைத் தடுக்க நின்றவரைத் தள்ளிவிட்டார் என்று மினசோட்டாக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல் எறிகிறவன் பக்கம் மட்டும் நிற்கக் கூடாது.

இன்னொன்று. கத்தோலிக்கர் அல்லாதவர் காதில் ‘மங்கள வீச்சு’ விழுந்தால் கலியாண வீட்டில் அரிசி போடுவதுதான் ஞாபகம் வரும்.

சிகாகோவிலிருந்து:

டொராண்டோ நண்பர் கேட்டது சரியான கேள்வி. எறிகிறவன் பக்கமும் நிற்காமல், வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் பக்கமும் நிற்காமல் ஒரு சொல் வேண்டும். நான் இரண்டாவது வகை. சிகாகோ பேர்ஸ்.

2024 அக்டோபர் 27, வாஷிங்டனுக்கு எதிராக. 25 நொடி இருக்கும்போது நாங்கள் 15–12 என்று முன்னே வந்தோம். கடைசி வீச்சுக்காக வாஷிங்டன் வரிசை கட்டி நிற்கிறது. எங்கள் தடுப்பாட்டக்காரர் டைரீக் ஸ்டீவன்சன் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி அவர்களைச் சீண்டிக்கொண்டிருக்கிறார்! அவருக்குப் பின்னால் பந்து ஆட்டத்துக்கு வந்தேவிட்டது. ஜேடன் டேனியல்ஸ் ஏறக்குறைய 13 நொடி அங்கும் இங்கும் ஓடிவிட்டு எறிந்தார். ஸ்டீவன்சன் ஓடிவந்து கும்பலில் பாய்ந்தார், பந்து அவர் கையில் பட்டுத் தெறித்தது, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுன் கையில் போய் விழுந்தது. 18–15. அந்தத் தோல்வியில் தொடங்கி வரிசையாகப் பத்து. நவம்பர் கடைசியில் தலைமைப் பயிற்சியாளரையே நீக்கினார்கள். நடுப்பருவத்தில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது பேர்ஸ் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. ஒரு வீச்சால் இத்தனையும் ஆனது என்று சொல்ல மாட்டேன். அணியில் ஏற்கெனவே ஓட்டைகள் இருந்தன. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி யாரிடம் பேசினாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

சொல்லுக்கு இது ஏன் முக்கியம் என்றால், ‘குருட்டு வீச்சு’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். அது ஆகாது. குருட்டாம்போக்கில் யாரும் எறிவதில்லை. இதற்கென்று பயிற்சி எடுக்கிறார்கள். உயரமான ஒருவர் துள்ள வேண்டும், மற்றவர்கள் அவருக்கு முன்னும் பின்னும் நின்று தெறிக்கும் பந்துக்குக் காத்திருக்க வேண்டும். தடுப்பவர்களுக்கு ஒரே பாடம்: பிடிக்க ஆசைப்படாதே, தரையில் தட்டிவிடு. எல்லாம் திட்டப்படி நடக்கும். பந்து மேலே இருக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் யார் வசத்திலும் இல்லை.

எனக்கு இந்த இடந்தான் பிடிக்கிறது. ஆட்டம் முழுக்க எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இரசிகர்கள்தான். பந்து மேலே போனதும் குவார்ட்டர்பேக்கும் பயிற்சியாளரும் நம்மோடு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களும் நின்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதைச் சொல்கிற சொல் கிடைத்தால் நல்லது. ‘கடவுள் விட்ட வழி’ என்பதிலிருந்து ‘விட்டவழி வீச்சு’ எடுக்கலாமா?

சியாட்டிலிலிருந்து:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘விட்டவழி’ கிட்டே வருகிறது, ஆனால் அதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த தொனி இருக்கிறது. நான் கரிசல் காட்டுப் பக்கம். கிணறும் ஆறும் இல்லாமல் மழையை மட்டும் நம்பிய நிலத்தை அங்கே ‘வானம் பார்த்த பூமி’ என்போம். உழுது, விதைத்து, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாயிற்று, இனி மேலே பார்க்க வேண்டியதுதான் என்ற நிலை.

ஆகவே: ‘வானம் பார்த்த வீச்சு’.

பந்து மேலே போகும்போது மைதானத்தில் அத்தனை பேரும் செய்வதும் அதுதான். எறிந்த அணி, தடுக்கும் அணி, நடுவர்கள், 70,000 பார்வையாளர்கள், எல்லோருக்கும் தலை மேலே. யார் பக்கமும் சாயவில்லை. எந்த மதத்தின் செபமும் இல்லை, வேண்டுதல் மட்டும் இருக்கிறது.

நடுவர்கள் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிகாகோ அண்ணன் கேட்பார். 2012 செப்டம்பர் 24, கிரீன் பே பேக்கர்ஸை எங்கள் சீஹாக்ஸ் 14–12 என்று வென்றது. கடைசியில் ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்தை இரண்டு அணி ஆட்களும் சேர்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களில் ஒருவர் டச்டவுன் என்று கையைத் தூக்கினார், இன்னொருவர் தலைக்கு மேலே கையை வீசி வேறு சைகை காட்டினார். வழக்கமான நடுவர்களுக்கும் லீகுக்கும் சம்பளத் தகராறு, அதனால் மாற்று நடுவர்கள் நின்ற காலம் அது. சில நாளிலேயே தகராறு தீர்ந்து பழைய நடுவர்கள் திரும்பினார்கள். அந்த வெற்றி எங்களுக்கு இனிக்கத்தான் செய்தது. மறுநாள் அலுவலகத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சிகாகோவிலிருந்து:

கேட்டிருக்க மாட்டேன், தம்பி. பேக்கர்ஸ் தோற்றால் பேர்ஸ் இரசிகனுக்கு எப்படித் தோற்றது என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

‘வானம் பார்த்த வீச்சு’ எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஒரு சோதனை மட்டும் செய்து பார்த்தேன். ஆட்டத்துக்கு வெளியேயும் அமெரிக்கர்கள் ஹெயில் மேரி என்கிறார்கள். வழக்கில் கடைசி முறையீடு, தேர்தலுக்கு முந்தின வாரம் தடாலடியாக ஓர் அறிவிப்பு, மூழ்கும் கம்பெனி வெளியிடும் புதுப் பொருள். ‘வானம் பார்த்த மனு’, ‘வானம் பார்த்த அறிவிப்பு’. தாங்குகிறது. ‘மங்கள மனு’ தாங்கவில்லை, மன்னிக்கவும் அண்ணா.

நீளந்தான் கொஞ்சம் இடிக்கிறது. நேர்முக வர்ணனையில் பந்து இறங்குவதற்குள் சொல்லி முடிக்க வேண்டாமா? எழுத்துக்கு ‘வானோக்கு வீச்சு’ என்று சுருக்கலாம். பேச்சில் ‘வானம் பார்த்து எறிந்துவிட்டான்’ என்று வினையாகவே வரட்டும்.

டாலஸிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் வானம் என்கிறீர்கள், எங்கள் இப்போதைய மைதானத்தில் கூரையை மூடிவிட்டால் வானமே தெரியாது. பழைய டெக்சஸ் ஸ்டேடியத்தில் கூரை நடுவில் பெரிய திறப்பு இருந்தது. கடவுள் தன் அணியைப் பார்ப்பதற்காக விட்ட ஓட்டை என்று இங்கே சொல்வார்கள். 2008 பருவத்தோடு அதைக் காலி செய்துவிட்டோம்.

ரொறொன்ரோவிலிருந்து:

ஓட்டை இருந்த காலத்திலேயே கடவுள் பார்ப்பதை நிறுத்திவிட்டார், அண்ணை. கௌபாய்ஸ் கடைசியாகச் சூப்பர் பௌல் வென்றது 1996 ஜனவரியில். நாங்கள் வென்றதே இல்லை என்று திருப்பிச் சொல்வீர்கள், தெரியும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

என் வாக்கு ‘வானோக்கு வீச்சு’க்கு. விளக்கத்தில் பந்து பிடிபட்டது என்று மட்டும் எழுதாமல், பெரும்பாலும் தரையில் விழும் என்பதையும் சேர்க்கவும். புதிதாக ஆட்டம் பார்க்க வருகிறவர் ஒவ்வொரு முறையும் நடக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

சிகாகோவிலிருந்து:

சேர்த்துவிட்டேன். பதிவு இப்படி இருக்கும்:

வானோக்கு வீச்சு (பேச்சில்: வானம் பார்த்த வீச்சு) — நேரம் முடியும் தறுவாயில், பின்தங்கிய அணி எதிரணி எல்லையில் திரண்டிருப்பவர்களை நோக்கி உயரமாக எறியும் நெடுந்தூர வீச்சு, பெரும்பாலும் பலிக்காது. சொல் வரலாறு: கத்தோலிக்கரின் மங்கள வார்த்தைச் செபம், 1975 டாலஸ்–மினசோட்டா ஆட்டத்துக்குப் பின் பரவலானது.

மாற்றம் ஏதும் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

டாலஸிலிருந்து:

மங்கள வார்த்தையைச் சேர்த்ததற்கு நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள்: பியர்சன் தள்ளினார் என்ற பேச்சு அடிக்குறிப்பில்கூட வரக் கூடாது.