ஸ்பானர் இல்லாமல் மாட்டும் இரும்புக் கட்டில், அகலமும் மாற வேண்டும்: இந்த டிசைனில் எங்கே இடிக்கும்?

பைப்கட்டர் கேட்டது:

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கான எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கட்டில். போல்ட், ஆலன் கீ எதுவும் கூடாது. கையால் மாட்டி, கையால் கழற்ற வேண்டும். இப்போதைக்கு முடிவு செய்திருப்பது:

நீளம் 78 அங்குலம், மாறாது. அகலம் 36, 48, 60, 72 நான்குக்கும் ஒரே ஃப்ரேம். உயரம் 12 அங்குலம்.
பக்கச் சட்டம் 38×38 மி.மீ., 16 கேஜ் (1.6 மி.மீ. கனம்), முழு நீளம். கீழே பெட்டி தள்ள வசதியாக நடுவில் கால் கிடையாது.
தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் 38×38-க்குள் 32×32 நுழைந்து நகரும். ஸ்பிரிங் பட்டன் பூட்டு.
கால் 50×50, 14 கேஜ் (2 மி.மீ.). 5 மி.மீ. தகட்டில் லேசரில் வெட்டிய ஹூக், காலில் அதற்குத் துளை.
மேலே 12 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நகரும்.

ஒரு சாம்பிள் போட்டாயிற்று. இரண்டே வாரத்தில் கிறீச் சத்தம். சத்தம் எங்கிருந்து வரும்? ஹூக்குக்குச் சரிவு எவ்வளவு வைப்பது? 36-லிருந்து 72 ஒரே டெலஸ்கோப்பில் வருமா?

---

சட்டம்60:

கடைசிக் கேள்விக்கு முதலில். வராது. கால் இரண்டும் 50 மி.மீ. என்றால், 36 அங்குலத்தில் கால்களுக்கு நடுவே 814 மி.மீ.தான். வெளிப் பைப்பும் உள் பைப்பும் தலா 814-க்கு மேல் இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்தாலே 1628. 72 அங்குலத்துக்கு 1729 வேண்டும். ஒன்றை ஒன்று தொடக்கூடத் தொடாது. 38, 32, 25 என்று மூன்று அடுக்கு போட்டால் நீளம் எட்டும், ஆனால் 25-ஐ நம்பி 6 அடிக் கட்டில் விற்க வேண்டாம்.

36-ஐ விட்டுவிடுங்கள். 48, 60, 72 மூன்றும் சுலபமாக வரும். கால்களுக்கு நடுவே 1119, 1424, 1729. இரண்டு பைப்பும் தலா 1100 வெட்டினால், 6 அடிக்கு இழுத்த நிலையிலும் உள்ளே 471 மி.மீ. ஏறி நிற்கும். அந்த ஏற்றம்தான் ஃப்ரேமை ஆடாமல் வைக்கிறது. 36 கட்டாயம் வேண்டும் என்கிறவருக்கு இரண்டு 36 சிங்கிள் கட்டில் செய்து பக்கவாட்டில் கொக்கி போட்டு இணையுங்கள். மொத்தம் 72 வந்துவிடும்.

அடுத்தது பக்கச் சட்டம். இதுதான் உங்கள் டிசைனில் பெரிய ஓட்டை. 38×38×1.6 பைப்பின் இசட் (வளைவைத் தாங்கும் திறனின் அளவு) சுமார் 2710 கன மி.மீ. கட்டில் ஓரத்தில் நட்டநடுவே இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், 160 கிலோ என்று வையுங்கள். 1.98 மீட்டர் தாங்கலில் பைப்புக்குள் 285 மெகாபாஸ்கல் தகைவு வரும். இந்தியத் தர விதி ஐஎஸ் 4923-ல் ஒய்எஸ்டி 210 தரப் பைப்பின் ஈல்டே (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 210தான். 25 மி.மீ. தொய்யும், எழுந்த பிறகும் கொஞ்சம் வளைந்தே நிற்கும்.

தப்பிக்க இரண்டு வழி. நடுக்கால் வேண்டவே வேண்டாம் என்றால் 60×40×2 பைப்பை நிமிர்த்திப் போடுங்கள். அதே எடைக்கு 121 மெகாபாஸ்கல், தொய்வு 6.6 மி.மீ. மீட்டருக்கு 3 கிலோ கனம், இரண்டு மீட்டர் நீளக் குழாயைப் படிக்கட்டில் திருப்ப வேண்டும். நடுக்கால் பரவாயில்லை என்றால் சட்டத்தை இரண்டாக வெட்டி, நடுக்காலின் இரண்டு முகத்திலும் ஹூக்கில் மாட்டுங்கள். 50×25×2 நிமிர்த்திப் போட்டால் 108 மெகாபாஸ்கலில் முடிந்துவிடும். வாடகை வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சுமார் 1.1 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு துண்டும் இருக்காது. லிஃப்டிலும் போகும், ஆட்டோவிலும் போகும். பெட்டியை நடுக்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தள்ளிக்கொள்ளட்டும்.

---

ஜிக்மேஜை:

ஹூக் பற்றி. காலின் 2 மி.மீ. சுவரிலேயே துளை போட்டு 5 மி.மீ. ஹூக்கைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். சாம்பிளைக் கழற்றித் துளையின் கீழ் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் பூச்சு உரிந்து, விளிம்பு நசுங்கி, உள்பக்கம் உதடு மாதிரி பிதுங்கியிருக்கும். சத்தத்தில் பாதி அங்கேதான்.

காலின் முகத்தில் 45×150×5 தகடு ஒன்று வெல்டு வையுங்கள். அளவான துளை அந்தத் தகட்டில் இருக்கட்டும். பின்னால் பைப்பில் ஹூக் மூக்கு போகிற அளவுக்குத் தாராளமாக ஒரு ஜன்னல் வெட்டினால் போதும், அதற்கு டியூப் லேசர் தேவையில்லை, டிரில் போட்டு அறுத்தாலும் சரி. ஹூக் தகட்டில் மட்டும் உட்கார வேண்டும், பைப்பைத் தொடக்கூடாது. 5 மி.மீ. ஹூக்குக்குப் பவுடர் ஏறும் முன் துளை அகலம் 5.5. பவுடர் ஒரு முகத்துக்கு 60 முதல் 80 மைக்ரான். ஹூக்கில் இரண்டு முகம், துளையில் இரண்டு முகம் என்று நாலும் சேர்ந்து 0.3 மி.மீ. தின்றுவிடும். 5.2 வெட்டிவிட்டு, கோட்டிங் முடிந்ததும் நுழையவில்லை என்று அரத்தால் ராவுவது நடக்கிற கதைதான். ராவிய இடத்தில் துரு ஏறும்.

மேல் ஹூக்குக்கும் கீழ் ஹூக்குக்கும் நடுவே 100 மி.மீ. விடுங்கள். சட்டத்தின் உயரம் 50தான் என்று ஹூக்கை 40 இடைவெளியில் வைத்தால், கட்டிலைப் பிடித்து ஆட்டும்போது ஒவ்வொரு ஹூக்கிலும் இழுப்பு இரண்டரை மடங்கு. முனைத்தகடு (சட்டத்தின் நுனியில் ஹூக்கைத் தாங்கும் தகடு) சட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருப்பது பார்க்க அழகில்லைதான், இருக்கட்டும். சரிவு 1-க்கு 10, அதாவது 10 மி.மீ. இறங்கினால் 1 மி.மீ. உள்ளே இழுக்கும். எடை ஏற ஏற ஹூக் கீழே இறங்கித் தகட்டை இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. எல்லாச் சட்டத்துக்கும் ஒரே ஹூக், ஒரே உயரம் வைத்துவிட்டால் இடது வலது என்கிற தொல்லையே இல்லை. அரைச் சட்டத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டால் அதுவே எதிர்ப்பக்கத்துச் சட்டம். காலிலும் மூன்று முகத்தில் தகடு வைத்தால் மூலைக்கால், நடுக்கால் எல்லாம் ஒரே கால்தான். வேண்டாத முகத்துத் துளையைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் மூட்டைப்பூச்சிக்கு அதுதான் வீடு. உள்ளே வெவ்வேறு முகத்து ஹூக்குகள் முட்டாமலிருக்க மூக்கு 12 மி.மீ. போதும், 18-ஐத் தாண்ட விடாதீர்கள்.

வெல்டிங்கில் முனைத்தகடு உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஜிக்கில் (அளவு மாறாமல் பிடித்து வைக்கும் சட்டகம்) ஒரு டம்மிக் காலை நிறுத்தி, ஹூக்கை அதில் மாட்டிய நிலையிலேயே டாக் (புள்ளி வெல்டு) வையுங்கள். ஆறியபின் கழற்றுங்கள், சூட்டோடு எடுத்தால் திரும்பிவிடும்.

---

பைப்கட்டர்:

சட்டத்தை வெட்டி நடுக்கால் போட்டுவிடுகிறேன். விளிம்பு நசுங்கியிருப்பது சரிதான், பார்த்தேன். ஆனால் கட்டிலை உள்ளே இழுக்கிறபோது டெலஸ்கோப் பாதியில் சிக்குகிறது. சிக்காத இடத்தில் லொடலொட என்று ஆடுகிறது.

---

கோட்டிங்லைன்:

சிக்குவது வெளிப் பைப்பின் உள்ளே ஓடும் வெல்டு வரி. ஈஆர்டபிள்யூ (தகட்டை உருட்டி மின்சாரத்தில் வெல்டு வைத்த) பைப்பில் உள்ளே 1 மி.மீ. போலப் புடைத்திருக்கும்; வெட்டிய வாயில் விரலை விட்டால் தட்டுப்படும். ஆடுவது இடைவெளியால். 38-ன் உள் அளவு 34.8, உள்ளே போவது 32, ஒரு பக்கத்துக்கு 1.4 மி.மீ. சும்மா கிடக்கிறது.

உள் பைப்பின் நுனியிலும் வெளிப் பைப்பின் வாயிலும் 1.2 மி.மீ. நைலான் பட்டை கொண்ட புஷ் போடுங்கள். நுனிப் புஷ்ஷில் வெல்டு வரி வரும் பக்கம் மட்டும் 6 மி.மீ. அகலத்துக்குக் காடி எடுத்துவிட்டால் வரி அந்தக் காடிக்குள்ளேயே ஓடும். பைப் வெட்டும்போதே எல்லா வெளிப் பைப்பிலும் வரி கீழ்முகத்துக்கு வரும்படி குறி போட்டு வையுங்கள்.

ஸ்பிரிங் பட்டன் இடத்தைத்தான் பிடிக்கும், ஆட்டத்தைப் பிடிக்காது. 8 மி.மீ. பட்டனுக்கு 8.5 துளை என்றால் அந்த அரை மி.மீ. ஒவ்வொரு புரளலுக்கும் டிக் டிக் என்று சொல்லும். பட்டன் இருக்கட்டும், கூடவே வெளிப் பைப்பின் வாயருகே ஒரு எம் 10 நட்டு வெல்டு வைத்துக் கைப்பிடி நாப் போடுங்கள். அது உள் பைப்பை எதிர்ச்சுவரோடு அழுத்தும். நட்டு கருப்பு நட்டாக இருக்க வேண்டும். ஜிங்க் பூசிய நட்டில் வெல்டு பொங்கும், புகையும் நல்லதல்ல. வெல்டு வைக்கும்போது மரையில் பழைய போல்ட் ஒன்றை முறுக்கி வைத்தால் தெறிப்பு உள்ளே ஒட்டாது.

என் வேலை பவுடர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையும் தகடு வைத்து மூடிய பைப்பை வெந்நீர், ஆசிட், பாஸ்பேட் தொட்டிகளில் முக்கினால் தையல் வழியாக உள்ளே போன திரவம் வெளியே வராது. ஆறு மாதம் கழித்து ஹூக் ஓரமாகப் பழுப்புக் கோடு இறங்கும். ஒவ்வொரு மூடிய பைப்புக்கும் இரண்டு முனையிலும் கீழ்முகத்தில் 8 மி.மீ. துளை. தொங்கவிடும்போது ஒரு துளை அடியில் இருக்க வேண்டும்.

---

சரிவு_ஆறு:

ஜிக்மேஜை சொன்ன 1-க்கு 10-இல் எனக்கு உடன்பாடில்லை. 1-க்கு 10 என்பது 5.7 டிகிரி. இரும்புக்கு இரும்பு உராய்வு 0.15 என்று வைத்தால் 8.5 டிகிரிக்குக் கீழே எல்லாமே தானாகப் பூட்டிக்கொள்ளும். மாட்டும்போது சந்தோஷம்தான். ஒரு வருடம் இரண்டு பேர் படுத்து எழுந்த பிறகு கழற்றிப் பாருங்கள், சுத்தியல் தேடுவீர்கள். கருவி இல்லாமல் கழற்ற வேண்டும் என்பதுதானே கேள்வி? 1-க்கு 6 வையுங்கள், 9.5 டிகிரி. எடை எப்போதும் கீழ்நோக்கித்தான் என்பதால் இறுக்கம் குறையாது.

அதில் ஒரு ஆபத்து உண்டு. பெருக்கும்போது சட்டத்தைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவார்கள். ஹூக் கழன்று கால் தனியாகச் சாயும். கோடவுன் ரேக்குகளில் பீம் மேலே எழாமல் ஒரு பாதுகாப்புப் பின் போடுவார்கள், அதே ஏற்பாடுதான் இங்கேயும். முனைத்தகட்டையும் காலையும் சேர்த்து 8 மி.மீ. துளை, அதில் தலை வளைத்த பின், சின்னச் சங்கிலியில் சட்டத்தோடு கட்டியிருக்கட்டும். 1-க்கு 10 வைத்தாலும் பின் வேண்டும்.

பிளைவுட் துண்டுகளைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் 12 மி.மீ. படி விழும், ஃபோம் மெத்தையில் முதுகுக்குத் தெரியும். மீதிச் சத்தமும் அந்த உரசல்தான். நம்பிக்கை இல்லையென்றால் பிளைவுட்டை எடுத்துவிட்டு ஃப்ரேமை மட்டும் ஆட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் மெழுகு தேய்த்துப் பாருங்கள், எங்கே தேய்த்ததும் நிற்கிறதோ அதுதான். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்துப் பசையாகும்.

அகலம் மாறுகிற கட்டிலுக்கு விரல் கோத்த மாதிரி பட்டைகள்தான் சரி. இடது சட்டத்திலிருந்து 15, வலது சட்டத்திலிருந்து 15, ஒவ்வொன்றும் 50 மி.மீ. அகலம், 1120 நீளம், 125-க்கு ஒன்று. ஒரு பக்கத்துப் பட்டைகளின் 75 மி.மீ. இடைவெளியில் எதிர்ப்பக்கத்துப் பட்டை நுழைந்து நகரும். கனம் 25. 18 மி.மீ. மரத்தில் ஒருவர் முழங்காலிட்டு ஏறி, முழு எடையும் ஒரே பட்டையில் விழுந்தால் 73 மெகாபாஸ்கல், முறிந்துவிடும். 25-இல் அது 38. சட்டத்தின் உள்பக்கம் 25×25×3 ஆங்கிளை மேல்மட்டத்திலிருந்து 25 இறக்கி வெல்டு வைத்தால் பட்டையும் சட்டமும் ஒரே மட்டம், மெத்தை இரண்டின் மேலும் படுக்கும்.

பட்டைகளைத் தாங்க நீளவாக்கில் ஓடும் நடுப் பீம், குறுக்குச் சட்டத்தின் நகராத வெளிப் பைப்பில்தான் உட்கார முடியும் என்பதால் எல்லா அகலத்திலும் நட்டநடுவில் வராது. இடது ஓரத்திலிருந்து 800-இல் வையுங்கள். 6 அடியில் வலது பட்டை பீமைத் தாண்டி 130 மி.மீ. நிற்கும், போதும். ஆனால் இடது பட்டை 350-க்கு மேல் தாண்டி நிற்கும், அந்த நுனியில் யாராவது கால் வைத்தால் ஏற்றப்பலகை மாதிரி மறுமுனை எழும். ஆங்கிளின் மேல் பட்டை முனையைக் கவ்வும் நைலான் கிளிப் கட்டாயம்.

---

ஜிக்மேஜை:

1-க்கு 6, பின்னோடு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். பின் இல்லாமல் 1-க்கு 6 போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மாட்டும் வரிசையையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். முதலில் தலைமாடு, நடு, கால்மாடு என மூன்று குறுக்குச் சட்டத்தையும் அகலத்துக்கு இழுத்துப் பட்டனில் நிறுத்துங்கள். நாப் இப்போது வேண்டாம். கால்களை மாட்டி மூன்று வளைவாக நிறுத்துங்கள். அரைச் சட்டத்தின் ஒரு முனையை மாட்டும்போது மறுமுனை தரையில் கிடந்தால் ஹூக் சாய்ந்து துளையில் கடித்துக்கொள்ளும், ஒரே ஆள் மாட்டினால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மறுமுனைக்கு அடியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். நான்கு அரைச் சட்டமும் ஏறியபின் நடுப் பீம், பட்டைகள். கடைசியாகக் கட்டிலின் நான்கு மூலையிலும் ஒரு முறை உட்கார்ந்து எழுந்து ஹூக்கை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு நாப், பின்.

நடுப் பீமின் காலை 5 மி.மீ. குட்டையாக வெட்டி மரைப் பாதம் வையுங்கள். எல்லாம் மாட்டிய பின் தரையைத் தொடும்வரை கையால் திருகினால் போதும். சரியான உயரத்துக்கு வெட்டினால் தரை மேடுபள்ளத்தில் அந்தக் கால்மேல் மொத்தக் கட்டிலும் ஆடும்.

---

பைப்கட்டர்:

அடுத்த சாம்பிளுக்குப் பட்டியல்: கால் 6, அரைச் சட்டம் 4, குறுக்குச் சட்டம் 3 செட், நடுப் பீம் 2 துண்டு, அதன் கால் 1, பட்டை 30, நாப் 3, பின் 12. ஏதாவது விட்டேனா?

---

சரிவு_ஆறு:

பின் 14. அரைச் சட்டம் நான்குக்கு 8, குறுக்குச் சட்டம் மூன்றுக்கு 6. சங்கிலி அறுந்து தொலைவதற்கு உபரியாக 2 பையில் போடுங்கள். கிளிப் 30-ம் பட்டியலில் இல்லை.